ரெண்டு மிதி பிரேக்

என் அக்கா புருஷன் ராமலிங்கத்துக்கு இறங்கி வந்து பேசுகிற பழக்கம் கிடையாது. நெல்லித்தோப்பில் என் பட்டறை வாசலில் அந்தப் பிரெஞ்சு வண்டி வந்து நின்றதும், முன் சீட்டில் உட்கார்ந்தபடியே டிரைவரின் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி ஹாரனை அமுக்கினார். நான் ஒரு டெம்போவின் அடியில் மல்லாந்து கிடந்தேன். மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் வெளியே வந்தேன். வேண்டுமென்றேதான்.

"பாருடா பக்கிரி, வுவாத்யூர்னா இது. நீ ஒரு ஃபியட்டு பாத்து வச்சிருக்கியே, அதுக்குப் பேரு தகர டப்பா" என்றார். காரைக் கார் என்று அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை; பிரெஞ்சில் வுவாத்யூர்தான். அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் லாரி ஓட்டிவிட்டு, அல்ஜீரியாவில் மணல் தின்றுவிட்டு, பிரான்சு பென்ஷனோடு முதலியார்பேட்டைக்குத் திரும்பியவர். என் அக்கா செல்வாம்பாளை அவருக்குக் கட்டிவைத்த அன்று, பந்தியில் எனக்கு இலை போட வந்தவனைத் தடுத்து, "மொதல்ல மெக்கானிக்க கை கழுவிட்டு வரச்சொல்லு" என்றார். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருஷம் ஆகிறது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் என் நகத்துக்குத்தான் போகும்.

ஒரே ஒரு விஷயத்தில் அந்த மனுஷனை நான் குறைசொல்ல முடியாது. சர்க்கரை அவருடைய வலது கண்ணை வாங்கிக்கொண்டது, இடது கண்ணில் பாதியை வாங்கிக்கொண்டது. ஆண் பிள்ளை கிடையாது, மகள் கமலா ஒருத்திதான். சித்திரையில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அடுத்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்த்து, லைசென்ஸும் எடுக்க வைத்துவிட்டார். அதே சமயம் அவருடைய அண்ணன் கோவிந்தராசு, பாரீஸில் வேலை செய்கிற முப்பத்து நாலு வயது மாப்பிள்ளையின் போட்டோவோடு வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். ராமலிங்கம் போட்டோவைத் தொடவேயில்லை. "எனக்குக் கண்ணு அவதான். அவ வண்டி ஓட்டற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்காத" என்று சொல்லிவிட்டார். அக்கா இதை என்னிடம் சொன்னபோது அழுதாள். கமலாவுக்குக் காலேஜில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஸ்டீயரிங் அவள் கையில் இருக்கிறவரை அந்த இரண்டு வருஷமும் அவளுடையது. "நல்ல வண்டியா பாருடா, புள்ள உசுரு" என்றாள் அக்கா.

ஒரு மாதம் அலைந்தேன். அம்பாசிடர் நல்ல இரும்புதான், ஆனால் அந்த ஸ்டீயரிங்கைத் திருப்ப அவள் தோள் போதாது; தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று வந்தது, அடியில் கைவைத்தேன், துரு மாவாகக் கொட்டியது. கடைசியில் கதிர்காமத்தில் ஒரு பல் டாக்டரின் ஃபியட் கிடைத்தது. பதினோரு வருஷ வண்டி, ஒரே கை ஓட்டினது. லேசான ஸ்டீயரிங், எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும், அறுபதைத் தாண்டினால் அதுவே கத்தி நம்மை அடக்கும். பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் அந்த இடத்திலேயே நிற்கும். வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துக்கொள்கிறோம் என்று டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமைதான், இவர் இந்தப் பிரெஞ்சு வண்டியில் வந்து இறங்காமல் ஹாரன் அடித்தார்.

ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார வாத்தியாரின் வண்டி அது. நாலு வருஷமாகக் கொட்டகையில் தூங்கியிருக்கிறது. ஸ்டீயரிங் இடது பக்கம். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்து, வா என்று சொல்ல வேண்டும். இவருக்கோ வலது கண்ணே கிடையாது. நான் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். முதல் மிதிக்குப் பிரேக் பெடல் அடிப்பலகைவரை போனது. மறுபடி மிதித்தபோதுதான் பிடித்தது.

"மாமா, பிரேக் எறங்குது. மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிடுச்சி. இதுக்கு இந்த ஊர்ல சாமான் கெடைக்காது" என்றேன்.

"ரெண்டு மிதி மிதிச்சா நிக்குது இல்ல?"

"புதுசா ஓட்டறவளுக்கு ஓடற வண்டி வேணாம் மாமா, நிக்கற வண்டி வேணும்."

"நான் அல்ஜீரியாவுல, ஓரான்ல பிரேக்கே இல்லாத லாரி ஓட்டினவன். என் பொண்ணு சொல்தா பொண்ணுடா. மெக்கானிக் வூட்டுப் பொண்ணு இல்ல." டிரைவர் சிரித்தான். வண்டிக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது, நாளைக்குக் காலையில் பூஜை, தாய்மாமன் நீதான் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், இன்றைக்குள் எதையாவது செய்து வை என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் போன திசையில் ஸ்பேனரை விட்டெறிந்தேன். அது சாக்கடையில் விழுந்தது. நானே இறங்கி எடுத்தேன்.

சாயங்காலம் கமலா காலேஜிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தாள். பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும். அவள் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்தாள், நான் அடியில் படுத்து திருகைத் திறந்து மூடினேன். எண்ணெய் இறங்குகிற பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது, காற்று தீரவில்லை. கால் மணி நேரம் மிதித்தாள். அலுத்துக்கொள்ளவேயில்லை.

"மாமா, இது நிக்காது இல்ல?" என்றாள் மேலிருந்து.

"நிக்காது. அந்தப் பைத்தியக்காரன் சொன்னா கேக்க மாட்டான்."

"அப்பாவை அப்படிச் சொல்லாத. பூஜை முடியட்டும். கோயில் வரைக்கும்தான, ரெண்டு மிதி மிதிச்சி மெதுவா ஓட்டிட்றேன். ஊரு வண்டியப் பாக்கணும் அவருக்கு, அவ்ளோதான். பாத்துட்டா அடங்கிடுவாரு. மறுநாள் நான் பேசிக்கறேன், ஃபியட்டுக்கு வந்துடுவாரு. நீ ஒண்ணும் பண்ணாத."

நான் அடியிலேயே கிடந்து திருகை இறுக்கினேன். பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுகூட இல்லை. அவள் பேசி அவர் கேட்டுவிட்டால், பந்தியில் நூறு பேர் பார்த்ததற்கு ஈடு எப்போது கிடைக்கும்? நூறு பேர் முன்னால் அந்த வுவாத்யூர் நின்றுபோக வேண்டும். ராமலிங்கம் சகுனம் பார்க்கிற மனுஷன். பட்டாளத்தில் ஒருநாள் தும்மல் கேட்டு லாரியை எடுக்காமல் உட்கார்ந்ததால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பல்லி சொன்னால் பென்ஷன் வாங்கக்கூடப் போகமாட்டார். எலுமிச்சம்பழம் வைத்த வண்டி கிளம்பவில்லையென்றால் அன்றைக்கே விற்றுத் தள்ளிவிடுவார். பிள்ளையும் பிழைக்கும், என் மானமும் மீளும். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலியார்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. வண்டிக்கு மாலை, பானட்டில் சந்தனப் பொட்டு. கோவிந்தராசு, மகன் கிருஷ்ணசாமியோடு வந்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா எடுத்துக்கொடுத்த புது வெள்ளைச் சட்டையை நான் போட்டிருந்தேன். தண்ணீர் பார்க்கிறேன் என்று பானட்டைத் தூக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ரோட்டாரை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது இல்லாமல் எந்தக் கொம்பன் சாவி போட்டாலும் வண்டி பிடிக்காது. பானட்டை மூடிவிட்டு, நாலு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தேன். அன்றைக்கு என் கை நகம்கூடச் சுத்தமாக இருந்தது.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். கமலா மஞ்சள் தாவணியில் வந்து, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சாவியைத் திருகினாள். கர்ர் கர்ர் என்றது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள். ராமலிங்கம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "சோக் இழுடி, சோக் இழு" என்றார். இழுத்தாள். நாலாவது தடவை அவள் நெற்றியில் வியர்வை இறங்கியது. நான் ராமலிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளுத்தது. இருபது வருஷமாக நான் பார்க்கக் காத்திருந்த முகம் அது. இப்போது சொல்வார், எடுத்துப் போங்கள் இந்தச் சனியனை என்று.

சொன்னது கோவிந்தராசு. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "வெள்ளிக்கிழம அதுவுமா, சாமி முன்னால நின்னுபோச்சி. நேத்து வரைக்கும் ஓடின வண்டிதான? வண்டில ஒண்ணும் இல்ல தம்பி. ஒக்காந்தவ கையிலதான் இருக்குது."

தெரு ஒரு முனகல் முனகியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டியின் சகுனத்தைத்தான் கணக்குப் போட்டேன். வண்டிக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது இந்த ஊர் எந்தப் பக்கம் பார்க்கும் என்று இந்த மடையனுக்குத் தோன்றவேயில்லை.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று ஓடினேன். பானட்டைத் தூக்கி, அதன் மறைவில் ரோட்டாரைத் திரும்ப மாட்டினேன். இப்போது அவள் திருகினால் பிடித்துக்கொள்ளும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "கமலா, இப்பப் போடு" என்று மூடியபடியே சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் ஸ்டீயரிங்கில் கிருஷ்ணசாமி உட்கார்ந்திருந்தான். கோவிந்தராசு அவளை இறக்கிவிட்டிருந்தார். கிருஷ்ணசாமி சாவியைத் திருகினான். ஒரே திருகு. எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்தது.

யாரும் கை தட்டவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ராமலிங்கம் ஜன்னலிலிருந்து கையை எடுத்தார். மகளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ. "கிருஷ்ணசாமியே ஓட்டட்டும்ணா" என்றார் அண்ணனிடம். வாசற்படிப் பக்கம் இரண்டு அடி வைத்துத் திரும்பி, "அந்த போட்டோவ சாயங்காலம் எடுத்துட்டு வா" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நடுவில் போய் நின்றேன். "மாமா, நான்தான் ரோட்டாரைக் கழட்டினேன். வண்டி நின்னது என்னால. அவ கையில ஒண்ணும் இல்ல. சத்தியமா நான்தான்."

கோவிந்தராசு சிரித்தார். "தாய்மாமன் இல்லியா, வயிறு எரியத்தான் செய்யும். பொண்ணு மேல பழி வரக்கூடாதுன்னு எப்படித் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறான் பாரு."

நான் ராமலிங்கத்தைப் பார்த்தேன். திட்டுவார், அடிப்பார், பந்தியில் சொன்னதுபோல இன்னொன்று சொல்வார் என்று நின்றேன். அவர் தட்டுத்தடுமாறி வந்து என் தோளில் கை வைத்தார். "நீ நல்லவன்டா பக்கிரி. எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒருத்தி மட்டும் நம்பினாள். கமலா என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் கட்டைவிரல் அளவுக்குக் கரி அப்பியிருந்தது. அவள் பக்கத்தில் வந்தாள்.

"நான் பேசிக்கறேன்னு சொன்னேன் இல்ல" என்றாள்.

மாமா என்று சொல்லவில்லை. கதவைத் திறந்து, பின் சீட்டில், கிருஷ்ணசாமிக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்தாள். ராமலிங்கம் முன்னால் ஏறினார். நான் ஜன்னலுக்கு ஓடி, "டேய், பிரேக்கு ஒரு மிதிக்கு நிக்காதுடா" என்று கத்தினேன். கிருஷ்ணசாமி ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். "இன்னும் கதை முடியலியா உனக்கு?" என்றார் கோவிந்தராசு என் முதுகுக்குப் பின்னாலிருந்து. நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின, வண்டி போய்விட்டது.

நான் ஓடினேன். செருப்பு எங்கேயோ போயிற்று. தெருமுனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா குறுக்கே வந்தது. வண்டி வேகமாகத்தான் போனது. பின்கண்ணாடியில் மஞ்சள் தாவணி முன்னால் சாய்ந்தது. கிருஷ்ணசாமியின் காதருகே அவள் தலை போனது. பின்பக்கச் சிவப்புப் பிரேக் விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. உடனே இரண்டாவது மிதி; இந்தத் தடவை விளக்கு நின்று எரிந்தது. ரிக்‌ஷாவுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

பிள்ளைகள் கடந்து போனார்கள். வண்டி மெதுவாகக் கடலூர் ரோட்டில் திரும்பியது. மஞ்சள் தாவணி பின்னால் சாயவேயில்லை. அடுத்த திருப்பத்திலும் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்து, பிறகு நின்று எரிந்தது.