துணியைக் கழித்த எடை

சின்ன ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் கெட்டுப்போன கருவிகளையெல்லாம் பழுது பார்க்கிறவள் அவள். கொண்டையில் எந்நேரமும் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிவாள். அதனால் நர்ஸுகள் அவளுக்கு டெஸ்டரக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த டெஸ்டரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பெருநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்தாள். கை தானாகக் கொண்டைக்குப் போய் வெறும் மயிரைத் தடவிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஏன் அங்கே வந்தாள் என்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. புருஷன் இதே நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி கொடுத்த கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து எழுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்கு வருவான். அவளும் ஆறு வயது மகளும் அவனுடைய அண்ணன் வீட்டில் இருந்தார்கள். போன மாதம் ஒரு ஞாயிறு அப்பா வாசலில் செருப்பைக் கழற்றியதும், மகள் ஓடிப்போய் நல்ல நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டு, “உக்காருங்க, தண்ணி கொண்டாரட்டுமா?” என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்பதுபோல. ஓரகத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். அன்று ராத்திரி பஸ் ஏறும்போது மட்டும், “நீ இங்க பெரிய ஆஸ்பத்திரியில இருக்கிற அந்த வேலைக்கு எழுதிப் போடு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எழுதிப் போட்டாள். கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு வாரமாகப் போனில் கணக்குதான். இப்போது வாங்குவது பதினெட்டாயிரம். அண்ணன் வீட்டில் வாடகை கிடையாது. நகரத்தில் அவன் பார்த்துவைத்திருந்த இரண்டு அறை வீட்டுக்கு வாடகை பதினெட்டாயிரம், அதாவது அவளுடைய முழுச் சம்பளம். பஸ்ஸுக்கு இரண்டு, பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூன்று. ஆக இருபத்துமூன்று பறந்துவிடும். அவன் சம்பளம் அவன் அப்பாவின் வைத்தியத்துக்கே சரியாகிவிடும். அதனால் இந்த இருபத்துமூன்றும் போக அவள் கையில் இருபது நின்றால்தான் சாப்பாடும் துணிமணியும் நடக்கும்.

பிள்ளைகள் வார்டில் பச்சைக்குழந்தையை எடை போடும் மிஷின் இருக்கிறதே, அதில் முதலில் துணியை விரிப்பார்கள். பிறகு பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பிள்ளையைக் கிடத்துவார்கள். துணியின் கனம் பிள்ளையின் கணக்கில் சேரக்கூடாது. அந்த மிஷின்களைச் சரிபார்த்துச் சரிபார்த்து அவளுக்கு எதையும் அப்படிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. புருஷனிடமும் அப்படித்தான் பேசினாள். வாடகை, பஸ் எல்லாம் துணி. துணி போக இருபது. வாரம் முழுக்க அவர்கள் வாயில் உருண்டது அந்த இருபதுதான்.

வீட்டுக்கார அம்மா கறார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேலைக் கடிதத்தைக் காட்டினால் சாவி, ஒரு நிமிஷம் தாண்டினால் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டாள்.

காலையில் சோதனை. வேலை கேட்டு வந்திருந்த மூன்று பேருக்கும் ஆளுக்கொரு குளுக்கோஸ் ஏற்றும் பம்ப் கொடுத்தார்கள். குழாயில் காற்று இருக்கிறது என்று மூன்றும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. குழாயிலோ ஒரு குமிழிகூட இல்லை. மற்ற இருவரும் மூடியைக் கழற்றிச் சர்க்யூட்டில் தலையை விட்டார்கள். அவள் குழாய் போகிற பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிசுபிசுத்தது. சிந்திய குளுக்கோஸ் காய்ந்து சென்சாரை மூடியிருந்தது. பஞ்சும் ஸ்பிரிட்டும் கேட்டு வாங்கித் துடைத்தாள். நாலாவது நிமிஷம் பம்ப் வாயை மூடிக்கொண்டது.

மத்தியானம் தலைமை இன்ஜினியர் கூப்பிட்டு அனுப்பினார். நரைத்த பெண்மணி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். வேலை உனக்குத்தான், எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார். அவளுக்கு உள்ளங்கால்வரை ஜிவ்வென்றது. வாரமெல்லாம் வாயில் உருண்டது வெளியே வந்து விழுந்தது.

“இருபது நின்னா போதும் மேடம்.”

மேடம் புருவத்தை உயர்த்தினார். அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்தார். பதினெட்டு வாங்குகிறவள் இருபது கேட்கிறாள். சரியென்று எழுதிக்கொண்டு, கடிதம் தட்டச்சாகிறது, வெளியே இரு என்றார்.

படிக்கட்டில் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

“என்னங்க, இருபதுக்கு ஒத்துக்கிட்டாங்க.”

“அடி சக்கை. அப்ப நாப்பத்திமூணா? இவ்ளோ பெரிய சம்பளத்தை மறுபேச்சு இல்லாமயா குடுத்தாங்க?”

நாற்பத்துமூன்று என்ற எண்ணை அந்த அறையில் யாருமே உச்சரிக்கவில்லை. புருஷன் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டான். பிறகு, லிஃப்ட் குழிக்குள் இறங்கவேண்டும், மேலே வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். அதற்குமேல் அவன் போன் கிடைக்கவில்லை.

மணி நாலு. அந்தக் கடிதத்தை வாங்கினால் வாடகை போக இரண்டாயிரம்தான் மிஞ்சும். வாங்காவிட்டால் மகள் இன்னும் எத்தனை ஞாயிறு நாற்காலி இழுத்துப் போடுவாளோ. கைப்பையைத் துழாவி டெஸ்டரை எடுத்துக் கொண்டையில் செருகினாள். திரும்ப மேலே ஏறினாள். கதவைத் தட்டியது மட்டும்தான் நினைவு, உள்ளேயிருந்து என்ன சொன்னார்கள் என்று காதில் விழவில்லை.

“மேடம், நான் சொன்ன இருபது, துணியைக் கழிச்ச எடை.”

மேடம் கண்ணாடியைக் கயிற்றோடு இறக்கிவிட்டார். அவள் வாடகை, பஸ், பிள்ளை என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“அப்ப துணியோட எவ்வளவு?”

“நாப்பத்திமூணு மேடம்.”

“துணி பிள்ளையைவிடக் கனமா இருக்கேம்மா.”

“இந்த ஊருத் துணி அப்படி இருக்கு மேடம்.”

மேடம் சிரித்துவிட்டார். பஞ்சால் பம்பைச் சரிசெய்த கை இருபது கேட்டபோதே தனக்குச் சந்தேகம் வந்ததாகவும், கேட்காமல் விட்டது தன்னுடைய தப்பு என்றும் சொன்னார். ஆனால் அந்த வேலைக்கு முப்பத்தாறுக்கு மேல் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. முப்பத்தாறுதான் உச்சம்.

ஏழு குறைகிறது. அவளுக்கு இப்போது பயம் போய், கருவியின் மூடியைத் திறந்தவுடன் வருமே, அந்தப் பரபரப்பு வந்துவிட்டது. துணியை நூல் நூலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். நர்ஸுகள் பிள்ளைகளை விடுகிற காப்பகம் கீழே இருக்கிறதே, அதில் டெக்னீஷியன் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? சேர்ப்பார்கள், இலவசம்தான். மூன்று போயிற்று. ஊழியர் வேன் எந்தப் பக்கமெல்லாம் போகும்? வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நிற்குமாம். இரண்டு போயிற்று. மிச்சம் இரண்டு.

“ஆறு மாசத்துல வென்டிலேட்டர் வேலை முழுக்கக் கத்துக்கிட்டா அந்த ரெண்டை ஏத்தித் தரணும் மேடம். அதைக் கடிதத்துலயே எழுதிக் குடுங்க.”

“மூணு மாசத்துல கத்துக்கோ, மூணு ஏத்தித் தர்றேன்.”

தட்டச்சான கடிதத்தில் இருபதை அடித்து முப்பத்தாறு என்று தன் கையாலேயே எழுதி, கீழே மூன்று மாதப் பேச்சையும் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்தார். அதுவரைக்கும் மாதம் இரண்டு இடிக்கும். புருஷனைக் கேட்டுச் சொல்ல அவகாசமில்லை. இடிக்கட்டும் என்று அவளே முடிவெடுத்துக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடியும் இரண்டிரண்டு படியாக இறங்கி, பஸ்ஸை ஓடிப் பிடித்து, முழுத் தெருவும் திரும்பிப் பார்க்க ஓடி அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். கால் ஒன்றில்தான் செருப்பு இருந்தது. வீட்டுக்கார அம்மா ஐந்தாக இரண்டு நிமிஷம் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், அடித்து எழுதிய இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். பிறகு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“உம் புருஷன் வந்து பாத்தப்ப ஒத்தை ஆளாத்தான் நின்னாரு. குடியிருக்கப்போறது எத்தனை பேரு?”

“மூணு பேரும்தாம்மா,” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே, கேட்காததற்கும் பதில் சொன்னாள்: “எல்லா நாளும்.”