ரவுண்ட் ராக்குக்கு வந்த சான் இசித்ரோ

வேலுமணிக்குக் கழுத்து கொஞ்சம் நீளம். மாலை விழட்டும் என்றே அப்படி வளர்ந்துவிட்டது என்பாள் அவன் மனைவி சாந்தி. காங்கயம் பக்கத்தில் அவன் ஊர் மாரியம்மன் நோன்புத் திருவிழாவில் பரிவட்டம் எப்போதும் பெரியப்பா நஞ்சப்பன் தலைக்குத்தான். வேலுமணியின் அப்பா பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்து ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அந்த எரிச்சலை மகன் பத்திரமாக டெக்சஸ் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தான். ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை, இரண்டு கார், பெரிய வீடு. என்ன பிரயோஜனம்? தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனால், நாற்காலியை எடுத்துப் போடச் சொல்கிறார்கள்.

அந்த வருஷம், தொண்ணூற்றெட்டு மே மாதம், கூட வேலை பார்த்த ரஃபேல் தன் ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டான். மெக்சிகோவில், கடலோரத்தில், எல் பால்மார் என்று ஒரு விவசாய ஊர். இரண்டு நாள் கார் ஓட்டிப் போய்ச் சேர்ந்தார்கள்.

கடலோர ஊர் என்றுதான் பேர். ஊரென்னவோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மீன் பிடிக்கிறவர் ஒருவரும் இல்லை. மக்காச்சோளம், பீன்ஸ், தென்னை, கொஞ்சம் புளி. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறியிருந்தது. பாதி வீடுகளுக்கு மாடி கட்டக் கம்பி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, மாடியைக் காணோம். மகன் பணம் அனுப்பினால் நாலு கல் ஏறும், அனுப்பாவிட்டால் கம்பியில் துணி காயும். ஊரில் கண்ணில் பட்டதெல்லாம் பெண்களும் கிழவர்களும்தான். வயசுப் பிள்ளைகள் டெக்சஸில் அடுத்தவன் வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலுமணி ஒரு மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இளநீரைக் குடித்தான்.

"என்ன வாழ்க்கை பாரு சாந்தி! ஒரு டென்ஷன் இல்ல, ஒரு டெட்லைன் இல்ல. நாமதான் டாலர் டாலர்னு பறக்கறோம்."

அவன் வாயை மூடுவதற்குள் தெருக்கோடி டெலிபோன் கடையின் ஒலிபெருக்கி கரகரத்தது. யாருக்கோ ஹூஸ்டனிலிருந்து போன். அடுப்பில் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஒரு அம்மாள் ஓடினாள், பின்னால் அவள் மருமகள், அதற்குப் பின்னால் 'எங்கள் பிள்ளையைப் பற்றி ஏதாவது சொன்னானா' என்று கேட்க இன்னும் நாலு பேர். டாலருக்காக இதைவிட வேகமாகப் பறக்க யாராலும் முடியாது. வேலுமணியின் கண்ணில் அது படவில்லை. அவன் தென்னைக்கு உரம் வைப்பது எப்படி என்று ஒரு கிழவருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். அவர் பாவம், புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையை ஆட்டினார்.

மறுநாள் திருவிழா. சான் இசித்ரோ உழவர்களின் சாமி. தலையில் தொப்பி, கையில் மாடு ஓட்டும் தாற்றுக்கோல், காலடியில் ஒரு ஜோடி எருது. மாடுகளுக்குக் காகிதப் பூ கட்டி, சாமியைத் தோளில் தூக்கி, சோளக்காடு, தென்னந்தோப்பு எல்லாம் சுற்றி மழை கேட்டார்கள். திரும்பி வந்ததும் தேவாலய வாசலில் ஊர்ப் பெரியவர் நின்று உரக்க ஏதோ கேட்டார்.

"அடுத்த வருஷம் சாமிக்கு யார் பொறுப்புன்னு கேக்கறார். ஏத்துக்கிறவருக்கு மாலை, கோல், பேண்ட் வாத்தியம் எல்லாம் உண்டு" என்று ஆங்கிலத்தில் சொன்னான் ரஃபேல்.

பெரியவர் மூன்று முறை கேட்பது சும்மா சம்பிரதாயத்துக்கு. யார் முறை என்பது ஊருக்கே தெரியும். ரஃபேலின் மாமா எலிகியோவின் முறை அது. ஆஸ்டினில் கூரை வேலை செய்கிறவர். பல வருஷம் காத்திருந்து, இதற்கென்றே புதுச் சட்டை தைத்து, வீட்டுக்கு நீலச் சுண்ணாம்பு அடித்துவிட்டு முன் வரிசையில் நின்றார். இரண்டாம் முறை கேட்டதும் வாயைத் திறக்கப் போனார்.

வேலுமணி கையைத் தூக்கிவிட்டான்.

நம் ஊர்க் கோயில் ஏலத்தைப் பார்த்து வளர்ந்த கை அது. அடுத்தவன் கேட்பதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. எல்லார் தலையும் அவன் பக்கம் திரும்பியது. ரஃபேல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். சாந்திக்கு மட்டும் அந்தப் புதுச் சட்டைக்காரரின் முகம் தெரிந்தது.

சாமி முன்னால் ஒருவர் கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. எலிகியோ தொப்பியைக் கழற்றினார். "விருந்தாளி கேட்டுவிட்டார், கொடுத்துவிடுங்கள்" என்றார். மாலை விழுந்தது. பேண்ட் முழங்கியது. நஞ்சப்பன் பெரியப்பா இதைப் பார்க்கவில்லையே என்ற ஒரே குறையோடு வேலுமணி போட்டோவுக்கு நின்றான்.

அதற்கப்புறம்தான் ரஃபேல் மிச்சத்தைச் சொன்னான். பெரிய சிலை தேவாலயத்தில் இருக்கும். சின்னச் சிலை பொறுப்பேற்றவர் வீட்டில் ஒரு வருஷம் தங்கும். கும்பிட வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து சோறு போட வேண்டும்.

"நான் ரவுண்ட் ராக்ல இருக்கேனே!" என்று பதறினான் வேலுமணி.

"ஒன்றும் கஷ்டமில்லை. ஊரில் பாதிப் பேர் அங்கேதானே இருக்கிறோம்" என்றார் எலிகியோ.

எல்லையில் எலிகியோ கிரீன் கார்டைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எச்-ஒன் விசாக் காகிதக் கட்டோடு வேலுமணி மத்தியானம் முழுக்க வெயிலில் நின்றான், கையில் சாமியோடு.

சாந்தி அந்தச் சிலையைப் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆஸ்டின் பக்கத்தில் வேலை பார்த்த எல் பால்மார் ஜனம் வந்தது. எலிகியோவும் அவர் மனைவியும், மற்றக் கூரைக்காரர்கள், ஓட்டலில் மெத்தை விரிக்கும் பெண்கள், புல் வெட்டுகிறவர்கள். யாரும் சொல்லாமலே பூட்ஸை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு வந்தார்கள். சாந்தி அரிசிம்பருப்பு சாதம் ஆக்கினாள், அவர்கள் மக்காச்சோளக் கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். டிபென்டென்ட் விசாவில் வந்து வேலைக்கும் போக முடியாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவளுக்கு அது பெரிய ஆறுதல். ஆள் நடமாடும் வீடு அப்போதுதான் அவளுக்குக் கிடைத்தது, அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வேலுமணிக்கோ மாலை போட்ட போட்டோ மட்டும் போதுமாக இருந்தது. அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டி, "மெக்சிகோல ஒரு ஊரே எனக்குப் பரிவட்டம் கட்டுச்சு" என்று சங்கத்தில் சொல்லிக்கொண்டான். சங்கத்து ஆள் யாராவது வருகிற நாளில் மாலை போட்டவர்கள் வந்தால், வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டுக் கொல்லைப் பக்கமாக வரச் சொன்னான்.

போட்டோ தன் வேலையைச் செய்தது. புதுக் கோயில் கட்டும் கமிட்டிக்குத் தலைவர் பத்மநாபன். வேலுமணியைக் கமிட்டியில் சேர்க்கலாமா என்று பார்க்க ஒரு ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கமிட்டியில் பேர் வந்தால் கும்பாபிஷேகத்தில் மேடையில் இடம். வாசலில் பூட்ஸ் வரிசை, ஹால் நிறைய ஜனம், கையில் தட்டு.

"என்ன வேலுமணி, இவ்ளோ பேர்? யார் இவங்கல்லாம்?" என்றார் பத்மநாபன், மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

"ரூஃபிங் ஒர்க்கர்ஸ் சார். போன மாசம் ஹெயில் டேமேஜ். இன்ஷூரன்ஸ்ல ரூஃப் ரிப்ளேஸ் பண்றாங்க. பாவம்னு லஞ்ச் குடுத்தோம், அவ்ளோதான்."

தமிழில்தான் சொன்னான். ஆனால் அதில் தமிழ் எத்தனை இருந்தது? ஆலங்கட்டி உடைத்த கூரைகளை மாற்றியே தலை நரைத்த எலிகியோவுக்கு அத்தனையும் புரிந்தது. தட்டைக் கீழே வைத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எழுந்து போய்ப் பூஜை அலமாரியின் முன் நின்று கும்பிட்டார். சின்னச் சாமியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"ரூஃப் ஓகே நவ், சார். வீ ஃபினிஷ்" என்றார் பத்மநாபனிடம்.

அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சத்தமில்லாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டார்கள். வேலுமணி சிரித்த முகத்தோடு வழி விட்டான். அவன் வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதை அவனைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும், பத்மநாபன் காதில் விழும்படி. அவன் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து பிடித்தான்.

சமையலறையிலிருந்து சாந்தி வந்தாள். கையில் சோற்றுப் பானை, இடுப்பில் செருகிய முந்தானை.

"நீ எங்க போற?" என்றான் வேலுமணி பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாமி போற பக்கமுங்க. வந்த ஜனம் பாதி வயித்தோட போகுது, சோறு போடோணும்ல? நீங்க இருந்து இன்ஷூரன்ஸ்காரங்க வந்தா பேசி அனுப்பிட்டு வாங்க."

எலிகியோவின் மனைவி கை கொடுத்து அவளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டாள். வண்டி கிளம்பியது. பத்மநாபன் புல்தரையில் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, கூரையில் எந்த இடத்தில் டேமேஜ் என்று அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தார்.