பணக்காரர்கள் சண்டை போடமாட்டார்கள்

எங்கள் நாட்டுத் தலைநகரான பாக்குவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அரசியல் பொருளாதாரம் நடத்துகிறேன். பெயர் எல்தனிஸ். என்னை எல்லோரும் 'முஅல்லிம்' என்று கூப்பிடுவார்கள். ஆசிரியர் என்று பொருள். பெருமைப்பட ஒன்றுமில்லை, குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவரையும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வந்துபோன பிறகு குழாய் ஒழுகுவதில்லை. எனக்கும் அவருக்கும் அதுதான் வித்தியாசம்.

நான் எழுதியது ஒரே ஒரு புத்தகம். ஒரே ஆள் ஆளுகிற நாடாக இருந்தாலும், செல்வம் பெருகப் பெருக அது சண்டையை வெறுக்கும். இழக்க நிறைய இருக்கிறவன் கைநீட்ட யோசிப்பான் என்று அதில் எழுதியிருந்தேன். 'ஒரே ஆள் ஆளுகிற' என்பதை அடித்துவிட்டு 'உறுதியான தலைமை கொண்ட' என்று போடச் சொன்னார் டீன். போட்டேன். அட்டை நன்றாக வந்திருந்தது.

என் கோட்பாட்டுக்கு உயிருள்ள உதாரணம் மைத்துனன் பாலாகிஷி. அண்டை நாட்டோடு நடந்த தொண்ணூறுகளின் சண்டையில் அவனும் அவன் அக்கா, அதாவது என் மனைவி, சோல்மாஸும் மாற்றுத்துணி இல்லாமல், எதிரி பிடித்துக்கொண்ட அக்தாம் ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள். பிறகு ஊருக்குள் எண்ணெய்ப் பணம் வந்தது. பணம் வந்த வீடுகளுக்குச் சரவிளக்கு வேண்டியிருந்தது. பாலாகிஷி கடை போட்டான், கொழித்தான். "கூடத்துல சரவிளக்கு மாட்டினவன் குண்டு விழணும்னு நினைப்பானா?" என்று வகுப்பில் கேட்பேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்து இருபது கோடையில் எல்லையில் துப்பாக்கிகள் வெடித்தன. தொலைக்காட்சியிலிருந்து என்னை அழைத்தார்கள். சோல்மாஸ் என் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். எனக்கு எதிரே ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வரைபடம் காட்டினேன், ஐந்து நாடுகளை உதாரணம் சொன்னேன், முடிவாக, "இவ்வளவு வளர்ந்த பிறகு பெரிய போர் வராது" என்றேன்.

கர்னல் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "முஅல்லிம், இத்தனை வருஷம் நாம ஏன் சும்மா இருந்தோம்?"

"அமைதியை விரும்பினதால."

"கையில காசில்லாததால. இப்ப இருக்கு. ட்ரோன் வாங்கியாச்சு."

ஸ்டூடியோவில் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த ஆள் கூடச் சிரித்தான்.

செப்டம்பர் முடிவதற்குள் போர் வந்துவிட்டது. செய்தி கேட்டதும் நான் ஓடியது பாலாகிஷியின் கடைக்கு. பாவம், எவ்வளவு பதறிப்போயிருப்பான், ஆறுதல் சொல்லலாம் என்று. அவன் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"பட்டாளத்துக்குப் பேர் கொடுக்க."

"உனக்குச் சர்க்கரை இருக்கு. முட்டி வலி வேற. அதைவிடு, உனக்கு இழக்க எவ்வளவு இருக்குன்னு யோசிச்சியா?"

பூட்டைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தான். "மச்சான், இந்தக் கடையை எதுக்கு நடத்துறேன்னு நெனச்சீங்க? என்னைக்காவது அக்தாமுக்குத் திரும்பினா வீடு கட்டக் காசு வேணுமேன்னுதான். இது இழக்குறதுக்கு வச்சது இல்ல, போறதுக்குச் சேர்த்தது."

வீட்டுக்கு வந்து சோல்மாஸிடம் கேட்டேன். "உனக்கும் அப்படித்தானா?"

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க கேட்டதே இல்லையே."

இருபது வருடமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். கேட்டதில்லைதான். சரவிளக்கு மாட்டியவர்கள் தலைவரின் கையைப் பிடித்து நிறுத்துவார்கள் என்று எழுதியிருந்தேன். முதலில், அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், என் வீட்டிலேயே இரண்டு பேர் அந்தக் கையைப் பிடித்து முன்னால் தள்ளியிருப்பார்கள். இந்த இரண்டுமே என் புத்தகத்தில் இல்லை. அடிக்குறிப்பில்கூட இல்லை.

பாலாகிஷியைப் பட்டாளத்தில் சேர்க்கவில்லை. சர்க்கரை அளவைப் பார்த்து, "வீட்டுக்குப் போய் இனிப்பைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கடை ஷட்டரைத் தூக்கவில்லை.

நவம்பரில் வெற்றி என்று அறிவித்தார்கள். அக்தாம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். தெருவெல்லாம் கொடி. சோல்மாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அமைதி நிபுணரான நான் என்ன செய்தேன்? காரைக் கடற்கரைச் சாலைக்கு எடுத்துப்போய் ஹாரன் அடித்தேன். ஹாரன் தொண்டை கட்டி ஊமையாகும்வரை அடித்தேன். பக்கத்துக் காரில் என் மாணவி ஒருத்தி. "முஅல்லிம், மூணாவது பாடத்துல வேற மாதிரி சொன்னீங்களே!" என்று கத்தினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

மறு வாரம் எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்துச் சுரெய்யா அம்மாவின், பட்டாளத்திலிருந்த மகன் இறந்த செய்தி வந்தது. போரின் கடைசி நாட்களில் உயிர் போயிருக்கிறது. நானும் பாலாகிஷியும் துக்கம் கேட்கப் போனோம். எல்லைக்கு அந்தப் பக்கமும் எத்தனையோ வீடுகளில் இப்படி ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் நுழைந்துகொண்டிருப்பார்கள் என்று படியிறங்கும்போது தோன்றியது. பாலாகிஷியிடம் சொல்லவில்லை.

சுரெய்யா எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என்னையே பார்த்தார்.

"உங்களை டிவியில பார்த்தேன். போர் வராதுன்னு சொன்னீங்க."

தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். படியெல்லாம் இதற்குத்தான் பயந்துகொண்டு இறங்கினேன். "தப்பாச் சொல்லிட்டேன் அம்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை நம்பி நீங்க..."

அவர் கையை அசைத்து நிறுத்தினார். குரலில் கோபமே இல்லை.

"ஐயோ, முஅல்லிம், யாரு நம்புனா? நீங்க பேச ஆரம்பிச்சதும் என் பையன் சத்தத்தைக் குறைச்சுட்டான். 'பாவம்மா, நல்ல மனுஷன்'னு சொன்னான். அவன் உங்களைப் பத்திச் சொன்னது அதுதான். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

பாலாகிஷி குனிந்து தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

"குடிங்க, ஆறிடும்" என்றார் சுரெய்யா.

குடித்தேன்.