கருகிய இதழ்

என் கணவர் எட்சனுக்குத் தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் தரம் பிரிக்கிற வேலை. காம்பு குட்டையென்று கழித்துப் போட்ட பூக்களில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார். அதன் வெளி இதழ் ஒன்று ஓரம் கருகித் தொங்கியது. பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரத்தையும் மீறி அந்தப் பூவை வெயில் தொட்டதற்கு அது ஒன்றுதான் அடையாளம். அதற்காகவே ஆயில் பெயின்டில் அதை வரைய உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் ஆனது. பூ பாட்டிலிலேயே உதிர்ந்துவிட்டது. அந்தப் பழுப்பு மட்டும் பிடிபடாமல், அழித்து அழித்துப் போட்டு, சனிக்கிழமைதான் சரியாக வந்தது. எட்சன் தினமும் வேலை முடிந்து வந்து பார்த்து, "சூப்பர், வின்சி" என்று என் பேரைச் சொல்லிப் பாராட்டுவார். நானும் நம்பினேன்.

ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்பினால், கேன்வாஸில் அந்த இதழைக் காணோம். அவருடைய கட்டைவிரலில் என் பழுப்பு ஒட்டியிருந்தது.

"ஏங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஈரமாத்தான் இருந்துச்சு, தொடைச்சு எடுத்துட்டேன். கருகுன எதழ நாங்க கிள்ளிட்டுத்தான பெட்டில வெப்போம்? இப்பப் பாரு, எக்ஸ்போர்ட் பூ மாதிரி இருக்கு."

"அப்ப தெனமும் சூப்பர்னு சொன்னது?"

"சொல்லலைன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ."

"மத்த படத்துக்கெல்லாம் சொன்னது?"

அவர் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த என் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எதைக் கிள்ளலாம் என்று தேடுகிறவர் போல.