லிமோனீன்

ஆய்வகத்திலிருந்து பேசியவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்தப் பெயரை அவர் இரண்டு தடவை சொல்லியும் மேனேஜர் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் எழுத்துக் கூட்டிச் சொன்னார், லிமோனீன் என்று. கூரைப்பலகைத் துண்டை ஒரு பெட்டிக்குள் அடைத்து, உள்ளே சுத்தமான காற்றை ஓடவிட்டு, வெளியே வந்த காற்றைச் சோதித்ததில் அது தெரிந்திருக்கிறது. ஆளைக் கொல்கிற அளவெல்லாம் இல்லை. ஆனால் பலகையில் சேர்ப்பதாக நீங்கள் எழுதிக் கொடுத்த சரக்கில் அப்படி ஒன்று இல்லையே, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அது எதில் இருக்கும் என்று மேனேஜர் அம்மா திருப்பிக் கேட்டார். ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரிப் பழங்களின் தோலில் இருக்கிற எண்ணெய்தான், வாசனை போட்ட துடைப்புத் திரவங்களிலும் வரும் என்று பதில் வந்தது. மேசைக்கு எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள் எழுதுவதை நிறுத்தினாள்.

அலுவலகங்களுக்கான உள்கூரைப் பலகை, தரைவிரிப்பு, தடுப்புச் சுவர் எல்லாம் செய்கிற தொழிற்சாலை அது. பெரிய கட்டிடக்காரர்கள் இப்போது பொருளை மட்டும் கேட்பதில்லை, கூடவே அதன் சுற்றுச்சூழல் அறிவிப்பையும் கேட்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பலகை செய்ய எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், லாரியில் போகையில் எவ்வளவு புகை, கூரையில் மாட்டியபின் அறைக்காற்றில் எதை விடுகிறது, கழற்றிப் போட்டால் எங்கே போய்ச் சேர்கிறது என்று, பிறந்ததிலிருந்து மண்ணுக்குப் போகிறவரை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியாக வேண்டும். அதைத் தொகுப்பது அவள் வேலை. கொதிகலன் ஆள் முதல் லாரி டிரைவர் வரை ஒருவரையும் விடாமல் குடைந்து எடுப்பாள். அதனால் அவளுக்கு ஜாதகக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பலகைக்கு ஜாதகம் கணிக்கிறாளாம். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சும்மா விடமாட்டாள், உங்கள் பலகைக்கு ஏழரை பிடித்திருக்கிறது, முதலில் மீட்டர் கணக்கை ஒழுங்காகக் கொடுங்கள் என்று திருப்பிக் கொடுப்பாள்.

பழத்தோல் எண்ணெய் என்றதும் எல்லோருடைய சந்தேகமும் ஒரே ஆள் மேல்தான் போனது. கலவைத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பலகையின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற மாவுப்பசை, துணிக்குப் போடுகிற கஞ்சி மாதிரியே இருக்கும். ஆகவே அவர் கஞ்சி அண்ணன். முன்பொரு தடவை பசையோடு சேர்க்க வேண்டிய ஏதோ ஒன்று தீர்ந்துபோக, யாரையும் கேட்காமல் இவர் கைக்குக் கிடைத்ததை ஊற்றிவிட்டார். அன்றைய சரக்கு மொத்தமும் மஞ்சள் பூத்துப் போனது. அதிலிருந்து அந்த இடத்தில் குழாய் சொட்டினால்கூட அவர்தான் காரணம். தொட்டியை மணக்கிற திரவம் எதையாவது விட்டுக் கழுவியிருப்பார் என்று மேனேஜர் அம்மா முடிவே கட்டிவிட்டார். வெந்நீரைத் தவிர எதையும் விடவில்லை, வேண்டுமானால் தொட்டியை நக்கிக் காட்டட்டுமா என்று அவர் எகிறினார். அவர் பேச்சே அப்படித்தான். உண்மையைச் சொன்னாலும் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். அவரைத் தொட்டியிலிருந்து எடுத்து மூட்டை ஏற்றுகிற பக்கம் போடுவதாகப் பேச்சு. ஏற்கெனவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதர். அங்கே போட்டால் தானே வேலையை விட்டுவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குப் போனை வைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மாதிரித் துண்டை வெட்டியது அவள்தான். அன்று காலையிலிருந்தே குமட்டிக்கொண்டு வந்தது. கோட்டுப் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். நகத்தால் தோலைக் கீறி மூக்கருகே பிடித்தால் கொஞ்ச நேரம் தாங்கும். துண்டை அலுமினியத் தாளில் சுற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது, பழத்தை அந்தப் பலகை மேலேயே வைத்தாள். அதுவோ பஞ்சு மாதிரி எதையும் உறிஞ்சுகிற பலகை. வாசனைத் திரவியம், கைக்குத் தடவும் கிரீம், பழம், தின்பண்டம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று துண்டு வெட்டுகிற அறைக் கதவில் எழுதி ஒட்டியவளும் அவளேதான்.

தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமில்லை. ஆனால் ஒரு பெண் வேலை நேரத்தில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள் என்றால் அதற்கு மேல் யாருக்கு விளக்கம் வேண்டும்? பழத்தைச் சொன்னால் வயிற்றைச் சொன்ன மாதிரிதான்.

இதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. முதல் தடவை நாள் தள்ளியதுமே தலைகால் புரியாமல் அக்கா, மாமியார், அலுவலகம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். கலைந்தபின் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. அப்போது விடுப்பில் போயிருந்த கணக்குப் பிரிவுப் பெண் ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்து, உள்ளே இருக்கிறவன் எப்படி இருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் அழ ஆரம்பிக்க, இவள்தான் அவளைத் தேற்றினாள். அடுத்த தடவை அக்காவிடமும் மாமியாரிடமும் மட்டும் சொன்னாள். அதுவும் தங்கவில்லை. இந்தத் தடவை கணவனைத் தவிர ஈ காக்காய்க்குத் தெரியாது. சொல்வதற்கும் கலைவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொன்னார், அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் வாயைத் திறந்தால் போய்விடும் என்று பயந்தாள். எதற்கும் ஆதாரம் கேட்கிற ஜாதகக்காரி இந்த ஒன்றுக்கு மட்டும் ஆதாரம் கேட்கவில்லை.

வீட்டில் கணவன் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டு வேறு துண்டு அனுப்பினால் ஆகாதா என்று அவன் கேட்டான். காரணம் சொல்லாமல் அறிவிப்பைச் சரிபார்க்கிற வெளியாள் கையெழுத்துப் போடமாட்டார், மேனேஜர் அம்மாவோ கஞ்சி அண்ணனையே காரணமாகப் பிடித்து வைத்திருக்கிறார் என்றாள்.

"அவரு பாவம்தான். ஆனா நம்ம பாவம் யாருக்குத் தெரியும்?" என்றான் அவன். கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, "போன தடவை எங்கம்மாகிட்ட நான்தான் போன்ல சொன்னேன். இன்னொரு தடவை என்னால ஆகாது" என்றான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் மேனேஜர் அம்மா கஞ்சி அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். அவளும் இருந்தாள். ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், ஆய்வகத்துக்குப் பதில் சொல்லிவிடலாம், வேறு நடவடிக்கை எதுவும் இருக்காது, இடம் மட்டும் மாறும் என்று மேனேஜர் அம்மா பொறுமையாகத்தான் பேசினார். கஞ்சி அண்ணன் எகிறுவார், மேசையைத் தட்டுவார், அந்தக் களேபரத்தில் இன்னொரு நாள் தள்ளிப்போகும் என்று அவள் உள்ளுக்குள் நம்பியிருந்தாள். அவர் எகிறவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரிம்மா. நான்தான்னு எழுதிக்குங்க" என்றார்.

சண்டையே இல்லாத அந்தக் குரலை அவளால் தாங்க முடியவில்லை. அவர் கத்தியிருந்தால் அவள் சும்மா இருந்திருப்பாள். பழம் எதற்கு என்று கேட்டால் சொல்ல, பஸ்ஸில் தலை சுற்றுகிறது, தொண்டைக்கு நல்லது என்றெல்லாம் இரண்டு மூன்று பொய்களைத் தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"அவரில்ல மேடம். அந்தத் துண்டை வெட்டும்போது என் கையில எலுமிச்சம்பழம் இருந்துச்சு."

"எலுமிச்சம்பழமா? அந்த ரூமுக்குள்ளயா? நீயே கதவுல எழுதி ஒட்டிட்டு..." என்று ஆரம்பித்த மேனேஜர் அம்மா பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை கோட்டின் பொத்தான்கள் வழியே கீழே இறங்கி மேலே ஏறியது. முந்தைய இரண்டில் ஒன்றாவது அவருக்குத் தெரியும். வாழ்த்துச் சொல்லவில்லை. அவள் அதற்காக அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

"எத்தனை மாசம்?"

"மூணு முடியப் போகுது."

மேனேஜர் அம்மா பேனாவை எடுத்து, மாதிரி எடுக்கையில் வெளிப்பொருள் பட்டுவிட்டது, புதுத் துண்டு அனுப்புகிறோம் என்று ஆய்வகத்துக்கான பதிலைத் தன் கையாலேயே எழுதினார். புதுத் துண்டை வேறு யாராவது வெட்டட்டும், நீ அந்த அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னால் போதும் என்றார். கஞ்சி அண்ணனிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. போய்த் தொட்டியைப் பாருங்கள் என்றார், அதுவே அவர் வரைக்கும் மன்னிப்புதான். கஞ்சி அண்ணன் கதவு வரை போய்த் திரும்பினார்.

"பயப்படாதம்மா. யாரும் உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிடறேன்" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரும் கேட்கக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைக்கப் போகிறாராம். தடுக்க எழுந்தாள். அதற்குள் அவர் இடுப்புவலியை மறந்து படியிறங்கிப் போய்விட்டார். சிரிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து பயம் வந்தது, பழைய பயமேதான், ஆனால் இப்போது அது ஒரு தொழிற்சாலை அளவுக்குப் பெரியதாக இருந்தது. மறுபடியும் சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டி வந்தால் எத்தனை பேரிடம் போய் நிற்பது? அக்காவுக்குச் செய்தி வேறு வழியில் போவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். மதியம் பேசலாம் என்று போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

துண்டு வெட்டுகிற அறைக்குப் போக உற்பத்திக் கூடத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். ஒரு ஓரத்தில் ஆட்கள் நடப்பதற்கென்று மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அடுக்கிய பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஃபோர்க்லிஃப்டுகள் அதைக் குறுக்கே வெட்டி ஓடியபடியே இருக்கும். யாருக்காகவும் நிற்காது, ஹாரன் அடித்து ஆளை விரட்டிவிட்டுத்தான் போகும். அவள் கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்தாள். முதல் வண்டி நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். அதற்குப் பின்னால் வந்ததும் நின்றது, அதற்கும் பின்னால் இருந்ததும். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் கையுறையைப் பார்த்தார், இன்னொருவர் டயரைப் பார்த்தார், மூன்றாமவர் மேலே கூரைத் தகரத்தில் ஏதோ தெரிகிற மாதிரி அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பலகைகளைத் தூக்கிப் பிடித்தபடி வண்டிகள் வரிசையாக நிற்க, அவள் மஞ்சள் கோட்டுக்குள் மெதுவாக நடந்து போனாள்.