கண்டக்டருக்குக் காற்று வேண்டும்

பூனை வளர்ப்பவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டரான்டுலா சிலந்தி வளர்த்தால் மட்டும் ஊரே காரணம் கேட்கிறது. காரணம் கிடையாது. பிடித்திருந்தது, வாங்கினேன். பெயர் கண்டக்டர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வாய்த்த கண்டக்டர்கள் எல்லாரும் வாய் ஓயாதவர்கள். இது எட்டுக் காலை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும். அந்த மரியாதையை வேறு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு விரிசலோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கண்டக்டரை என் மகள்தான் பார்த்துக்கொண்டாள். பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிறவள். தினமும் என் வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டியைத் தொட்டாள் என்றால் அது பெரிய விஷயம்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் என்னை வீட்டுக்கு அழைத்து வரும்போது காரிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, இனிமே நீ தனியா இருக்க வேணாம். எங்க வீட்டுல உனக்கு ரூம் ரெடி பண்ணிட்டோம்."

"நான் கேட்டேனா?"

"நீ கேக்க மாட்டே. அதான் நாங்களே பண்ணிட்டோம். உன் வீட்டுக்கு வாடகைக்குக்கூட ஆள் பாத்தாச்சு. புருஷன் பொண்டாட்டி, ரொம்ப டீசன்டானவங்க. நாளைக்குச் சாவி வாங்க வர்றாங்க."

என் வீட்டை, எனக்கே தெரியாமல், டீசன்டானவர்களுக்கு! ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் மடியில் மாத்திரைப் பையோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவள் எகிறி என்ன பயன்? ஸ்டீயரிங் அவள் கையில் இருந்தது. வீடு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் ஊறிப்போன சாக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. ஊன்றுகோலோடு நேரே கண்ணாடிப் பெட்டிக்குப் போனேன். உள்ளே ஆவி படிந்து சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது. மூடியை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தால், கண்டக்டர் தரையை விட்டுவிட்டு மேல் மூலையில், கண்ணாடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா பாத்துக்கிட்டேன்ல?" என்றாள் மகள். குரலில் அவ்வளவு பெருமை. "ஒரே குளிரும்மா. அதான் நீ ஒத்தடம் கொடுத்துக்கிற ஹீட்டிங் பேடைப் பெட்டிக்கு அடியில வச்சேன். வர்றப்பல்லாம் தண்ணி ஸ்பிரே பண்ணேன். ஈரம் போயிடக் கூடாதுன்னு பெட்டியோட பக்கத்துல இருந்த ஓட்டைக்கெல்லாம் டேப் ஒட்டிட்டேன். மழைக்காட்டுல வாழுறதுன்னு நெட்ல போட்டிருந்துச்சு."

"அது வேற ஜாதி சிலந்திடி. இது வறண்ட நிலத்துது. ஒரு கிண்ணம் தண்ணி வச்சா போதும், வேற எதையும் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. பாவமா இருந்துச்சு."

பாவமாம்! பேடின் ஒயரைப் பிடுங்கினேன். சூடு தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டிக் கீழே இறங்கிவிடும் பிராணி அது. அடியில்தான் குளிர்ச்சி இருக்கும் என்பது அதன் கணக்கு. அந்த அடியிலேயே சூட்டை வைத்தால் எங்கே இறங்கும்? மண் சொதசொதத்து, காற்றும் நின்றுபோய், போக்கிடம் இல்லாமல் கண்ணாடியில் ஏறியிருக்கிறது. வயிறு கனத்த ஜீவன். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்துவிடும்.

என்னால் குனிய முடியாது. "டேப்பை உரி. மெதுவா. பெட்டி ஆடக் கூடாது," என்றேன்.

அவள் உரித்தாள். மூடியைத் திறந்து, பெட்டிக்குள் சிலந்திக்கு நேர் கீழே துண்டை மடித்து விரிக்கச் சொன்னேன். கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு அதையும் செய்தாள். நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கண்டக்டரின் முகத்துக்கு நேரே பிடித்து, பெயின்ட் பிரஷ்ஷால் பின்னங்காலைத் தொட்டேன். அசையவில்லை. மறுபடி தொட்டேன். ஒரு கால் வழுக்கியது. மகள் வீல் என்று கத்தினாள், ஆனால் துண்டை விட்டுக் கையை எடுக்கவில்லை. கண்டக்டர் யோசித்து யோசித்து, ஒவ்வொரு காலாக எடுத்து டப்பாவுக்குள் வைத்தது.

"நல்லதுக்குத்தானேம்மா பண்ணேன்," என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. பிள்ளை எவ்வளவு பயந்திருப்பாள்! தலையைத் தடவிக் கொடுத்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"எங்க வீட்டுல உனக்கு ஒரு குறையும் இருக்காது. ரூம்ல எப்பவும் ஹீட்டர் ஓடும். ஜன்னல் திறக்கவே வேணாம், உனக்குச் சளி பிடிக்கும். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டோம். உன் மாப்பிள்ளை கேமரா கூட மாட்டியிருக்கார், ஆபீஸ்ல இருந்தே உன்னைப் பாத்துக்கலாம்."

"எனக்குன்னு ஒரு ஓட்டையாவது மிச்சம் வச்சிருக்கியா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தன் கையில் கசங்கிக் கிடந்த டேப்பைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"அதுவும் நீயும் ஒண்ணாம்மா?"

"நீ ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதானே பாத்துக்கிறே."

"மறுபடி விழுந்தா?"

"விழுவேன். விழுந்தா உனக்குப் போன் பண்றேன். வந்து தூக்கி விடு. தூக்கி விட்டுட்டு உன் வீட்டுக்குப் போ. பாத்ரூம்ல கைப்பிடி மாட்டிக் கொடு, வேணாம்னு சொல்ல மாட்டேன். தாழ்ப்பாள்ல மட்டும் கை வைக்காதே."

"தாயைத் தனியா விட்டுட்டாளேன்னு ஊரு என்னைத்தானே பேசும்?"

"பேசட்டுமே. இந்த ஊரு பூரா என் பஸ்லதான் ஏறி இறங்குச்சு. பின்னாடி உக்காந்து என்னமோ பேசிக்கிட்டுத்தான் வந்துச்சு. நான் அதைக் கேட்டா வண்டி ஓட்டினேன்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். இறங்கி வருவதாக இருந்தால் அவள்தான் வர வேண்டும். தலைகீழாக நின்றாலும் நான் சாவியைக் கொடுக்கப் போவதில்லை.

கடைசியில் போனை எடுத்தாள்.

"ஹலோ, நாளைக்கு நீங்க வர வேணாங்க... இல்ல இல்ல, வேற யாருக்கும் கொடுக்கல." கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னை ஒரு முறை முறைத்துவிட்டுச் சொன்னாள்:

"வீடு காலி இல்லைங்க. எங்க அம்மா இருக்காங்க."