முதல் விலைக்கு மாத்திரை

என் மனைவி தன் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்து எனக்குக் கொடுத்தாள். அவள் தங்கை புருஷன், அதாவது என் சகலை, ஜவுளிக்கடையில் என் கூட்டாளி. அவனோ, ஈரல் பொருந்துமா என்று பார்க்க ரத்தம் எடுக்க வந்த நர்ஸைப் பார்த்ததுமே மயங்கிவிட்டான். அதுவும் சட்டை அழுக்காகாமல் சோபாவில்.

வீடு திரும்பியபின் வேளாவேளைக்கு மாத்திரை. வந்த ஈரலை உடம்பு விரட்டாமல் இருக்க அதுதான் காவல், ஒரு வேளைகூடக் குறைக்கக்கூடாது என்றார் டாக்டர். சகலை என் காதைக் கடித்தான்.

"அண்ணே, டாக்டர் சொல்றதும் பேரத்துக்கு முன்னாடி கடைக்காரன் சொல்ற முதல் விலைதானே? நாம எந்தக் கடையில முதல் விலைக்கு வாங்கியிருக்கோம்? பாதி போதும்ணே."

வியாபாரி வீட்டில் பிறந்தவனுக்கு இதைவிட இனிப்பான பேச்சு உண்டா? மனைவிக்குத் தெரியாமல் பாதியாக்கினேன். கொஞ்ச நாளில் கண் மஞ்சளித்தது, காய்ச்சல் ஏறியது. மறுபடியும் வார்டு.

"மருந்துல யாராவது பேரம் பேசுவாங்களா?" என்று டாக்டர் கத்தினார். மனைவியோ, தன் வயிற்றுத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அதுதான் சுட்டது.

பார்க்க வந்த கடைக் கணக்கர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "முதலாளி, உங்க சகலை உங்க நாற்காலியில உக்காந்துட்டாரு. அண்ணன் தேற மாட்டாரு, இனிமே எல்லாம் எங்கிட்டப் பேசுங்கன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்றாரு."

பாதி மாத்திரை யோசனை எந்தக் கணக்கில் வந்தது என்று அப்போது புரிந்தது.

போதாக்குறைக்குப் பித்தக்குழாயும் சுருங்கியது. வாய்வழியே கருவியை விட்டு, உள்ளே சின்னக் குழாய் வைக்க வேண்டுமாம்.

"பிழைக்கணும்னு ஆசை இருக்குல்ல?" என்றார் டாக்டர்.

"ஆசையெல்லாம் இல்ல டாக்டர். பகை இருக்கு."

"சரி, அதை வச்சு ஓட்டுவோம்."

ஓடியது. ஒரு மாத்திரை பாக்கி வைக்கவில்லை. டாக்டர் அனுமதித்த அன்று முகக்கவசத்தோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன். வாடிக்கையாளர் கூட்டம். சகலை என் நாற்காலியிலிருந்து எழாமலேயே கண்ணீர் விட்டான்.

"அண்ணே! உங்களுக்காக என் உயிரையே குடுப்பேனே!"

"உயிரா? ரொம்ப அதிக விலை சகலை. குறைச்சுக்குவோம். அந்த நாற்காலியக் குடு, போதும்."

சிரிப்பில் கடையே குலுங்கியது. அத்தனை பேர் முன்னால் உயிரையே தர வந்தவன் நாற்காலியை எப்படி மறுப்பான்? எழுந்தான். என் மனைவியை அதில் உட்கார வைத்தேன்.

"நான் எங்க உக்கார்றது?"

"குடோன்ல. மூட்டைத் தூசி எனக்கு ஆகாதுன்னு டாக்டர் உத்தரவு. சொந்தக்காரன் இல்லாம வேற யாரை நம்பி விடறது?"

அந்தத் தூசி அவனுக்கும் ஆகவில்லை. ஒரு வாரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. நேற்று கடை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, நானும் உள்ளயே உக்காந்துக்கவா?"

"தாராளமா. இருமல் இருக்கிறவங்க மட்டும் எங்கிட்ட வரக்கூடாதாம். உனக்கு இல்லையே?"

"இல்லண்ணே" என்று வாயை இறுக மூடினான். முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. மனைவி கல்லாவிலிருந்து, "ஏங்க, போதும், விடுங்க" என்றாள்.

விடுவேனா? புதிதாக வந்த போர்வைத் துணியின் நூல், அகலம், சாயம் எல்லாவற்றையும் அவனுக்கு நிதானமாக விளக்க ஆரம்பித்தேன். சாயம் வரை போகவில்லை. அகலத்திலேயே இருமிவிட்டான்.